ஈமுக்காரர் வீட்டில் மிஞ்சிய சொல்

ஒருவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பசித்தாலும் அதைத்தான் சொல்கிறார், கால் மரத்துப்போனாலும் அதைத்தான் சொல்கிறார், விளக்கை அணைக்கச் சொல்வதற்கும் அதுதான். அப்படிப்பட்டவர் ஒருநாள் அந்தச் சொல்லை அதற்குரிய பொருளிலேயே சொன்னால், பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஈமுக்காரரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. நான் அவருக்கு நேர் கீழே குடியிருந்தேன். அவர் வீட்டில் நாற்காலி நகர்ந்தால் எனக்குக் கேட்கும். கடைசி ஆறு வருடங்கள், மேலே ஒரு பெண்குரல் ஒரு சொல்லைச் சொல்லும். உடனே நாற்காலி நகரும். பிறகு ஒருவர் அங்குமிங்கும் நடப்பார். மறுபடி அதே சொல், மறுபடி நடை. அந்தச் சொல் 'ஈமு'.

அவர் உயிரியல் பூங்காவில் பறவைகளைப் பராமரிப்பவராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். கொக்கு, வாத்து, கிளி எல்லாம் அவர் பொறுப்புதான் என்றாலும் ஊரில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ஈமுக்காரர். ஆள் உயரத்துக்கு வளரும், பறக்கத் தெரியாத அந்தப் பறவைகள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. பூங்காவில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் இருந்தன. பெயர்ப்பலகை இருந்தது. வேடிக்கை பார்க்க வருபவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை.

"டேய், தீக்கோழிடா!"

"தீக்கோழி இல்லீங்க, ஈமு."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லீங்க. தீக்கோழிக்குக் கால்ல ரெண்டு விரல். இதுக்கு மூணு. நின்னு எண்ணிப் பாருங்க."

"பெரிய கோழி. அவ்வளவுதானே சார்?"

"உங்களைப் பாத்துச் சின்ன யானைன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

இப்படிச் சொன்னதற்காக அவர்மேல் ஒருமுறை அலுவலகத்துக்குப் புகார் போனது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் திருத்திக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெயர் பறவையோடு சேர்ந்து தூரதேசத்திலிருந்து வந்தது. பல்லைக் காட்டித் தொடங்கி உதட்டைக் குவித்து முடிக்கிற இரண்டே எழுத்து. அதை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவர் சொல்லியிருப்பார்.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல மாட்டேன். வேலையை ஒழுங்காகச் செய்தார். பேச்சில் பிடிவாதம் அதிகம். மறதி அதைவிட அதிகம். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போனவர், வழியில் தீனிக் கடைக்குள் நுழைந்து கம்பு மூட்டையோடு வீடு வந்து சேர்ந்தார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "பாப்பா எங்கே?" என்று மனைவியிடமே கேட்டார்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அங்கே எல்லோருக்கும் அவர் மைக்கம்மா. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எப்போது புறப்படும் என்று நாள் முழுக்கச் சொல்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் குரல் ஓயாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது மாடி சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய டீ, பால் வராத காரணத்தால் தாமதமாகப் புறப்படும்" என்று மேலே அவர் சொல்வது எங்கள் வீட்டு ஜன்னல்வரை வரும். நாங்கள் கீழே சிரித்துக்கொள்வோம். கணவரை அவர் சீண்டுவதும் அந்தக் குரலில்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஈமு ஈமுன்னு சொல்றீங்க? என் பேரு கல்யாணப் பத்திரிகையில இருந்துச்சு. அதைக் கடைசியா எப்பச் சொன்னீங்க?"

"கூப்பிட்டாத்தான் பேரு வேணும். நீ எப்பவும் பக்கத்துலயே இருக்கியே."

"நல்லாத் தப்பிக்கிறீங்க. உங்களுக்குத்தான் மைக் குடுத்திருக்கணும்."

இனி முட்டைகளின் கதை. ஈமுவில் முட்டையிடுவது மட்டும்தான் பெட்டையின் வேலை. அடைகாப்பது சேவல். எட்டு வாரம் உட்கார்ந்திருக்கும். அந்த நாட்களில் அது சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் இல்லை என்றே சொல்லலாம். எழுந்து முட்டைகளைத் திருப்பிவைக்கும், மறுபடி உட்காரும். உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பில்தான் உயிர் ஓடும். பூங்காவில் குஞ்சுகளுக்கு இடமில்லை. கொண்டுபோக ஆளும் இல்லை. ஆகவே குஞ்சு வேண்டாம் என்பது மேலதிகாரிகளின் உத்தரவு. முட்டைகளை வெறுமனே எடுத்துவிடவும் முடியாது. பெட்டை மறுபடி இடும். சேவல் வேலியோரமாக ஓயாமல் நடந்து கம்பியில் மோதி மார்பைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

இதற்கு ஈமுக்காரர் கண்டுபிடித்த வழிதான் பொய்முட்டை. நிஜ முட்டையில் சின்னத் துளை போட்டு உள்ளே இருப்பதை வடித்துவிடுவார். காய்ந்த ஓட்டுக்குள் மணலையும் சுண்ணக்குழம்பையும் எடை பார்த்து நிரப்பித் துளையை அடைத்துவிடுவார். அடைத்த இடம் வெள்ளையாகத் தெரியுமே, ஈமு முட்டையோ கறுப்பில் முடிகிற பச்சை. அந்த நிறத்தைக் குழைப்பது மைக்கம்மாவின் பொறுப்பு. சமையலறை மேசையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னும் ஒரு துளி கறுப்பு" என்பார். எட்டு முட்டை செய்தார்கள். எது பொய் என்று தங்களுக்குத் தெரிய, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சில் முனையளவு ஒரு புள்ளி வைத்தார்கள். மற்றபடி பெட்டைக்கும் தெரியாது, சேவலுக்கும் தெரியாது. ஒருமுறை நான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு வருடமும் பெட்டை இட இட, ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிவைப்பார். சேவல் பொய்முட்டைகள்மேல் உட்காரும். ஐம்பதாவது நாளிலிருந்து தினமும் ஒரு முட்டையை எடுத்துவிடுவார். எட்டாவதும் போனபின் சேவல் கொஞ்சநேரம் வெறும் சருகைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம். பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு நடக்கும்.

"ரொம்பநேரம் குடிக்கும்ங்க. கழுத்தைத் தாழ்த்தும், தூக்கும், தாழ்த்தும், தூக்கும். பாத்துக்கிட்டே நிப்பேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மைக்கம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "வேலைவெட்டியை விட்டுட்டு ஒருத்தன் எட்டு வாரம் பட்டினி கெடக்குறான். நீங்க மண்ணை வெச்சு ஏமாத்துறீங்க."

"ஏமாத்தலைன்னா கம்பியில முட்டிக்கிட்டுச் சாகும்."

"சரி, எடுக்கவேண்டிய நாளையாவது மறக்காம எடுங்க. பெத்த பொண்ணையே பள்ளிக்கூடத்துல மறந்த ஆளு நீங்க."

அன்றிலிருந்து நாளைக் கவனிப்பது மைக்கம்மாவின் வேலையானது. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் மாட்டியிருக்கும். சேவல் உட்கார்ந்த அன்றே எண்ணிப் பார்த்து ஐம்பதாவது நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுவார். அந்த நாள் வந்தால் காலையில் டீயோடு அறிவிப்பும் வரும்: "இன்று ஈமு." பதினோரு வருடம் இது தவறியதில்லை. ஈமுக்காரர் தானாக நாளை எண்ணியதே இல்லை. பூங்காப் பதிவேட்டில் 'சேவல் அடைகாக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று மட்டும் எழுதுவார். பொய்முட்டை பற்றி முதல் வருடம் எழுதியதோடு சரி. அவரோடு இருந்த பழைய ஆட்களுக்கு அது தெரியும். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டாவது வருடம் சேவல் உட்கார்ந்து சரியாகப் பன்னிரண்டாம் நாள். மைக்கம்மா "ஏழாவது நடைமேடையில்" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். மைக் அணையவில்லை. பயணிகள் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலி சரிகிற சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டதாம். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போனது.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"ஈமு."

கொஞ்சநேரம் கழித்துத் தலையணையைக் காட்டி, "ஈமு." மகள் கன்னத்தைத் தொட்டு, "ஈமு." செவிலியரைப் பார்த்து, "ஈமு, ஈமு."

இந்த நோயில் சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் மிஞ்சுவது உண்டு என்றார் மருத்துவர். ஏன் அந்தச் சொல் என்று மகள் கேட்டதற்கு, அதற்கெல்லாம் காரணம் தேடாதீர்கள் என்றார். பல ஆயிரம் தடவை சொன்ன ஊர்ப்பெயர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கணவரின் வாயில் இருந்த சொல் மனைவியின் வாயில் தங்கிவிட்டது. முதலில் கேட்டபோது ஒரு நொடி தனக்குச் சந்தோஷமாக இருந்ததாகவும், பிறகு அதை நினைத்து வராந்தாவில் போய் அழுததாகவும் ஈமுக்காரரே சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஈமுக்காரர் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார். பறவைப் பிரிவை மான்காரர் பார்த்துக்கொண்டார். அவர் வேறொரு பூங்காவிலிருந்து மாற்றலாகி வந்தவர், மான்களைப் பராமரிப்பவர், பொய்முட்டை சமாச்சாரம் தெரியாதவர். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார்.

"அண்ணே, சேவல் சூப்பரா உக்காந்திருக்கு. நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க. அக்காவைப் பாருங்க."

அவரும் அக்காவைத்தான் பார்த்தார். முதல் சில மாதங்களில் வருகிற சொற்கள்தான் நிற்கும், பிறகு கடினம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் வாயிலிருந்து இன்னொரு சொல்லை வரவழைத்துவிட வேண்டும். அதைத் தவிர அவர் தலையில் வேறு எதுவும் இல்லை.

பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வந்தார். ஈமுக்காரர் அவரை டீச்சர் என்றார். ஒரு பெட்டியில் நாற்பது பட அட்டைகள். குடை, சாவி, கட்டில், தண்ணீர்க் குவளை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்துக் காத்திருப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ஒருநாள் ஒரு பறவைப் படத்தைக் காட்டினார். மைக்கம்மா முகம் மலர்ந்து, "ஈமு!" என்றார். டீச்சர் கைதட்டப் போகும்போது பின்னால் நின்ற ஈமுக்காரர் தன்னையறியாமல், "அது தீக்கோழிம்மா. கால்ல ரெண்டு விரல்" என்றார். டீச்சரின் கை பாதியில் நின்றது. பிறகு மைக்கம்மா சிரித்தார். ஒருபக்க உதட்டால், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கீழே என் வீட்டில் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்கவில்லை.

டீச்சர் அவரிடம் ஒன்று சொன்னார். "அந்தச் சொல்லைச் சொன்னதும் எழுந்து ஓடாதீங்க சார். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வேற சொல் வர்றதுக்குக் கொஞ்சம் இடம் குடுங்க."

பத்து எண்ணச் சொன்னதை ஈமுக்காரர் சட்டமாக்கிக்கொண்டார். அதற்குக் காரணம் அவர் தொழில். தீனி கேட்டு அலறுகிற பறவைக்கு அலறும்போது தீனி வைக்கக்கூடாது. திரும்பியும் பார்க்கக்கூடாது. அது அடங்கி நிற்கும்போதுதான் தட்டை எடுக்க வேண்டும். கிளிகளையும் கொக்குகளையும் இருபத்தாறு வருடம் அப்படித்தான் பழக்கியிருந்தார்.

"அலறுறப்ப குடுத்தா அலறத்தான் கத்துக்கும்" என்று வார இறுதியில் வந்த மகளிடம் சொன்னார். மகள் வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

"அப்பா, அம்மா ஒண்ணும் பறவை இல்ல."

"எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இதுதான் பாப்பா. அவ பேசணுமா வேண்டாமா?"

"பேசணும்தான்ப்பா. அதுக்காக..."

"அப்ப நீயும் திரும்பிப் பாக்காதே."

அந்த நாளிலிருந்து 'ஈமு' என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் யாரும் திரும்பவில்லை. மைக்கம்மா சொல்வார், சொல்வார், குரல் உயரும், இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ஈமுக்காரர் செய்தித்தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்.

சேவல் உட்கார்ந்து ஐம்பதாம் நாள் காலை. அன்று அது ஐம்பதாம் நாள் என்பது அவருக்குத் தெரியாது. மனைவியைச் சமையலறையில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். சுவரில் காலண்டர் மனைவி விழுந்த மாதத்திலேயே நின்றிருந்தது. மைக்கம்மா நாற்காலியை ஒற்றைக் கையால் உந்திச் சுவரோரம் போனார். தாளைத் தூக்கினார். வழுக்கியது. மறுபடி தூக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஈமு" என்றார்.

அவர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஈமு. ஈமு!" உள்ளங்கையால் தாளை அடித்தார். "ஈமு!"

பத்து எண்ணினார். மறுபடி பத்து. பிறகு ரொட்டியை ஊட்டினார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் ஆணியோடு காலண்டர் கழன்று விழுந்தது. அவர் அதை எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டார். நாலாம் நாள் மைக்கம்மா வெறும் சுவரை அடித்தார். அன்று எங்கள் வீட்டுக் கூரையில் அந்தச் சத்தம் நெடுநேரம் கேட்டது. யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மைக்கம்மா சுவர் பக்கம் போகவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தார். ஈமுக்காரர் தண்ணீர்க் குவளையை எடுத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி முகத்துக்கு நேராகப் பிடித்து, "த..." என்றார்.

"தண்ணி" என்றார் மைக்கம்மா.

குவளை கையிலிருந்து நழுவி இருவர் மேலும் கொட்டியது. அவர் படியிறங்கி என் வீட்டுக் கதவைத் தட்டினார். சட்டை முழுக்க ஈரம். "சொல்லிட்டா! தண்ணின்னு சொல்லிட்டா!" மகளுக்குப் போன் போட்டு அதையே அழுதபடி சொன்னார். டீச்சர் மாலையில் ஓடிவந்து பார்த்தார். ஒன்று வந்தால் பத்து வரும், இந்த வருடத்துக்குள் முப்பது சொல்லாவது கொண்டுவந்துவிடலாம் என்றார். அடுத்த மூன்று வாரமும் அந்த வீட்டில் 'தண்ணி' என்ற குரல்தான் கேட்டது. குவளையோடு அவர் ஓடுவதும் கேட்டது.

சேவல் உட்கார்ந்து எழுபத்தாறாம் நாள் மான்காரர் போன் செய்தார்.

"அண்ணே... சேவல் போயிடுச்சுண்ணே."

"எங்க போச்சு? கதவைத் திறந்து போட்டுட்டியா?"

"இல்லண்ணே. உக்காந்தபடியே போயிடுச்சு."

அப்போதுதான் அவருக்கு நாள் நினைவுக்கு வந்தது. மனைவியைப் பார்த்துக்கொள்ள என் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

அடைகாத்த இடத்தைச் சுற்றி மான்காரர் கயிறு கட்டியிருந்தார். ஒரு அட்டையில் தன் கையெழுத்தில் 'அமைதி. இங்கே ஒரு தகப்பன் அடைகாக்கிறான்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். பறவை கழுத்தைச் சருகில் நீட்டிக் கிடந்தது. வயதும் ஆயிற்று, வெயிலும் கடுமை என்றார் கால்நடை மருத்துவர். தண்ணீர்த் தொட்டி பத்தடி தள்ளி நிரம்பி இருந்தது.

"ஒருத்தரையும் கிட்ட விடலண்ணே. நானே காலடி சத்தம் கேக்காமத்தான் நடந்தேன். நாள் தள்ளிப்போகுதேன்னு நினைச்சேன், தொந்தரவு செய்ய வேண்டாம்னு நீங்க எழுதியிருந்தீங்க" என்றார் மான்காரர். பிறகு மண்டியிட்டு ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "அண்ணே, இன்னும் சூடா இருக்குண்ணே! அடைகாக்குற கருவி ஏதாவது வெச்சுக் குஞ்சையாவது காப்பாத்திடலாம்ண்ணே!"

மணலும் சுண்ணமும் வெயிலில் சூட்டைப் பிடித்து வைத்திருந்தன. ஈமுக்காரர் ஒரு முட்டையைத் திருப்பி அடியில் இருந்த புள்ளியைப் பார்த்தார். "நான் எடுத்துட்டுப் போய்ப் பாக்குறேன்" என்றார். எட்டையும் துணிப்பையில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, முட்டை கெட்டுப்போய்விட்டது என்று மான்காரரிடம் சொன்னார். உண்மையைக் கடைசிவரை சொல்லவில்லை. இதைப் பெருந்தன்மை என்று எழுத எனக்குத் தயக்கம். வெட்கமாகவும் இருக்கலாம். ஆனால் மான்காரர் இன்றும் அந்த நாட்களைப் பெருமையோடு பேசுகிறார் என்பது மட்டும் உண்மை.

வீடு வந்ததும் முட்டைகளைச் சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். மைக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஈமுக்காரர் அலமாரி உச்சியிலிருந்து காலண்டரை எடுத்தார். அடுத்த மாதத்தாளில் சிவப்பு வட்டம் இருந்தது. அதைச் சுற்றித் தாள் கசங்கி, விரல் அழுத்திய இடத்தில் பால் கறை.

"தெரியாம இருந்துட்டேன்னு சொல்ல முடியாதுங்க" என்று மாடிப்படியில் ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவ கை எங்க போய் அடிச்சதுன்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் திரும்பிக்கிட்டேன்."

மைக்கம்மா அந்த நாளை நினைவில் வைத்துத்தான் அடித்தாரா, இல்லை, கைக்கு எட்டியதை அடித்தாரா? இதை மருத்துவரிடம் கேட்டேன், அவரும் சொல்லவில்லை. நினைவில் வைத்திருந்தார் என்றே ஈமுக்காரர் முடிவு செய்துவிட்டார். அது தண்டனையாக அவரே எடுத்துக்கொண்ட முடிவா, நியாயமான முடிவா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அன்று ஈமுக்காரர் காலண்டரைப் பிடித்தபடி மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். மைக்கம்மா இடக்கையை நீட்டி முட்டைகளைத் தொட்டார். ஒன்று, இரண்டு என்று எட்டையும் தொட்டார். கடைசி முட்டைமேல் கையை வைத்துக்கொண்டு கணவர் முகத்தைப் பார்த்தார். உதடு பல்லைக் காட்டி விரிந்தது. அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. யோசித்து, மெதுவாக, பழக்கியபடி, "தண்ணி" என்றார்.

அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். மைக்கம்மா குவளையைத் தள்ளிவிட்டு, முட்டையைக் காட்டி, மறுபடி "தண்ணி" என்றார்.

அந்த வாரக் கடைசியில் மகளும் வந்திருந்தாள், டீச்சரும் வந்தார். ஈமுக்காரர் அட்டைப் பெட்டியைத் தயாராக மேசைமேல் வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர். நாப்பதும் இருக்கு."

"ஏன் சார்? நல்லா வந்துக்கிட்டிருக்காங்களே. இப்ப விட்டா அப்புறம் வராது."

"தெரியும்மா."

"அப்பா, உங்களுக்குப் பைத்தியமா?" மகளின் குரல் கீழ்வீடுவரை வந்தது. "முப்பது வார்த்தை வரும்ங்கிறாங்க! அம்மா என் பேரைச் சொல்றதைக் கேக்கவேண்டாமா நான்? உங்களுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாமா? காரணமாவது சொல்லுங்கப்பா!"

அவர் காரணம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகு மகள் ஒரு வருடம் பேசாமல் இருந்தபோதும் சொல்லவில்லை. மைக்கம்மா இறந்தபின் நானே கேட்டபோதும், "விடுங்க" என்றதோடு சரி.

அன்று மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சொல்லும்மா" என்றார். மைக்கம்மா டீச்சரைப் பார்த்தார், அட்டைப் பெட்டியைப் பார்த்தார்.

"உன் சொல்லையே சொல்லு. நான் எந்திரிக்கிறேன்."

பயந்த குரலில், "ஈமு" என்றார் மைக்கம்மா.

ஈமுக்காரர் எழுந்தார். தலையணையைக் கொண்டுவந்தார், இல்லை என்று தலை அசைந்தது. கண்ணாடியைக் கொண்டுவந்தார், இல்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார், செருப்பை எடுத்துக் காட்டினார், மேசையிலிருந்து முட்டை ஒன்றை எடுத்துவந்து மடியில் வைத்தார். டீச்சர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். அவர் அடுத்து எதைக் கொண்டுவரலாம் என்று அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.